வித்தை பிடிபடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பகலில் எனக்கு வேலை ஃபேன், மிக்ஸி, இன்வெர்ட்டர் ரிப்பேர். ரங்கூனில் அனோரதா வீதியிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் கடை. சுற்றாமல் உறுமுகிற சீலிங் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் "மோட்டார் போயிடுச்சு" என்றுதான் சொல்வார். பிரித்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்.

பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒரு மாதம் இருக்கும்போது கடைக்கு வேறு மாதிரி ரிப்பேர் வரும். மேடையில் மேஜிக் செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்ட பையன்கள். "மாமா, வித்தை பிடிபட்டுப் போகுது. கை வேகம் பத்தலை." இதுவும் அந்த "மோட்டார் போயிடுச்சு" ரகம்தான். இருபது வருஷமாக நானும் சின்னச் சின்ன மேடைகளில் வித்தை காட்டுகிறேன். வேகம் குறைந்ததால் பிடிபட்ட வித்தை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வேகத்தாலேயே பிடிபட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் பாட்டன்கள் இதற்கு வைத்த பெயர் கண்கட்டு வித்தை. கையைப் பற்றி அந்தப் பெயரில் பேச்சே இல்லை.

உங்கள் வித்தை எப்படிப் பிடிபடுகிறது என்று பார்த்து, கீழே அதற்கான தலைப்பைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணமும் நாளும் தின்கிற காரணம் கடைசியில். மேலே உள்ளதைப் பார்க்காமல் கீழே தாவ வேண்டாம்.

## எதற்கும் முன்னால் ஒரு சோதனை

நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் உயரத்தில், ஆறடி தள்ளி, ஃபோனை நிறுத்துங்கள். வித்தையை மூன்று முறை படம் பிடியுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதல் தடவை உங்கள் முகத்தை மட்டும் பாருங்கள். அடுத்த தடவை, பொருளை ஒளித்திருக்கும் கையை மட்டும்.

கண்ணாடி முன்னால் நின்று பழகியவர்களுக்கு இது கட்டாயம். ரகசியம் நடக்கிற அதே நொடியில் நீங்கள் கண்ணைச் சிமிட்டிக்கொள்வீர்கள்; நம் தவறை நாமே பார்க்க விரும்புவதில்லை போலிருக்கிறது. அது கண்ணாடியில் ஒரு நாளும் தெரியாது. ஃபோன் சிமிட்டாது.

இன்னொன்று. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் கண் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அகலம்தான், 2 டிகிரி. சுற்றியுள்ளதெல்லாம் மங்கல், ஆனால் மங்கலாக இருக்கிறது என்பதே நமக்குத் தெரிவதில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் இந்த நகத்தளவு டார்ச் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரகசியம் நடக்கும்போது அது எங்கே அடித்துக்கொண்டிருந்தது என்று கேட்டாலே பாதிப் பழுது தெரிந்துவிடும்.

## அறிகுறி: "இன்னொரு கையைக் காட்டு!"

வலது கையிலிருந்து இடது கைக்கு நாணயத்தை மாற்றுவதுபோல் செய்து, வலது கையிலேயே ஒளித்துக்கொள்கிறீர்கள். இடது கையைத் திறந்து காட்டியதும் முன்வரிசைப் பையன் கத்துகிறான். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இந்தப் பழுதுதான், அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

### முதலில் பார்க்கவேண்டியது: உங்கள் கண்

ஒளித்த கையைப் பார்த்துவிடுகிறீர்கள். கண நேரம்தான், ஆனால் பார்க்கிறீர்கள். "சத்தியமா பாக்கலை மாமா" என்றான் என் அக்கா மகன், போன வருஷம். வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். நாணயம் உள்ளங்கையில் உட்கார்ந்ததும், விழாமல் இருக்கிறதா என்று அவன் கண் ஒரு தடவை கீழே போய்விட்டு வந்தது. அவன் முகம் தொங்கிப்போய்விட்டது.

எதிரே இருப்பவரின் கண் ஒரு பக்கம் போனால் நம் கண்ணும் அங்கே போகும். டீக்கடையில் எதிரே உட்கார்ந்தவர் உங்கள் தோளுக்குப் பின்னால் பார்க்கட்டும், நீங்கள் திரும்பாமல் இருந்துவிடுங்கள் பார்க்கலாம். மேடையில் நீங்கள்தான் அந்த எதிரே உட்கார்ந்தவர்.

சரிசெய்வது இப்படி. நாணயத்தை நிஜமாகவே இடது கையில் வையுங்கள், பத்துத் தடவை. அப்போது உங்கள் கண் எங்கே போகிறது என்று வீடியோவில் பாருங்கள். நாணயத்தோடு இடது கைக்குப் போகும், அங்கே ஒரு மூச்சு நிற்கும், பிறகு ஆட்களைப் பார்க்கும். பதினோராவது தடவை பொய்யாகச் செய்யும்போதும் கண் அதே பாதையில் போகவேண்டும். வலது கை என்று ஒன்று உங்களுக்கு இருப்பதே மறந்துபோகவேண்டும்.

### வெறுங்கை வெறுங்கையாகத் தெரிகிறது

உள்ளே காசு இருக்கும் கையில் விரல்களுக்குள் ஒரு சின்னப் பொந்து இருக்கும். காசு இல்லாத கையைப் பையன்கள் குத்துவிடப் போவதுபோல் இறுக்கி மூடுகிறார்கள், அல்லது சப்பையாக மடக்குகிறார்கள். மறுபடியும் பத்து நிஜம், ஒரு பொய். அந்தப் பொந்தைக் கைக்குப் பழக்குங்கள்.

இதிலேயே ஒரு நுணுக்கம். நாணயத்தின் பளபளப்பு இடது உள்ளங்கையைத் தொட்டபடி இருக்கும்போதே இடது விரல்கள் அதை மூடத் தொடங்கவேண்டும். அந்த விரல்களின் மறைவில்தான் வலது கை அதை இழுத்துக்கொள்ளவேண்டும். பார்த்தது கண்ணில் ஒரு கணம் ஒட்டிக்கொண்டிருக்கும். மூடிய கைக்குள் பளபளப்பு போனதாகவே பார்த்தவர் அடித்துச் சொல்வார். கையை இதில் வேகப்படுத்தினால் அந்தப் பளபளப்பைக் காட்டவே நேரம் இருக்காது, வித்தை செத்தது.

### ஒளித்த கை விறைத்துக்கொள்கிறது

மாவுக்கட்டுப் போட்ட கை மாதிரி தொங்கும். அதற்கு ஒரு வேலை கொடுங்கள்: சுட்டுவிரலால் இடது கையைக் காட்டட்டும், சட்டைக் கையை மேலே இழுக்கட்டும், மேஜையில் இருக்கும் குச்சியை எடுக்கட்டும். வேலை செய்கிற கையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

### சீக்கிரம் திறந்துவிடுகிறீர்கள்

மூடிய உடனே திறந்தால், பார்ப்பவர் மனசு ஒரே ஓர் எட்டுதான் பின்னால் போகவேண்டும். அங்கே வலது கை நிற்கிறது. இடையில் ஏதாவது கேளுங்கள்: "பாப்பா, உன் பேர் என்ன?" அவள் பதில் சொல்லி முடிக்கட்டும். அதற்குள் கை மாறிய சங்கதி பழங்கதை ஆகிவிடும்.

### நாணயமே தகராறு

இது நம் ஊருக்கே உரிய பழுது. இங்கே யார் சில்லறை வைத்திருக்கிறார்கள்? சிங்க உருவம் போட்டு 1999 என்று பொறித்த 50, 100 கியாட் நாணயங்களைச் சின்னப் பிள்ளைகள் கண்டதே இல்லை. காணாத பொருளை நீட்டினால் முறைத்துப் பார்க்கத்தானே செய்வார்கள்? கூட்டத்தின் டார்ச் காசிலேயே ஒட்டிக்கொள்ளும், உங்கள் முகத்துக்கு வரவே வராது. ஆரம்பிக்கும் முன் அதைக் கையில் கொடுத்துச் சுற்றிவரச் செய்யுங்கள். அலுத்துப்போகட்டும்.

நான் பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளி ரூபாயை வைத்துச் செய்கிறேன், ஜார்ஜ் மன்னர் தலை போட்டது. பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்த காலத்துக் காசு; எடை 11.66 கிராம், குறுக்களவு 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. விளிம்பில் வரி வரியாக வெட்டியிருப்பதால் உள்ளங்கைத் தசையில் நன்றாகப் பிடிக்கும். வழவழ விளிம்புள்ள காசு, வியர்த்த கையில் வழுக்கும். ஆனால் இதற்காக வெள்ளி ரூபாய் தேடிக் கடை கடையாக அலையாதீர்கள். மேலே உள்ள நான்கும் சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

### எப்போது ஆள் தேடுவது

நான்கையும் சரிசெய்து மூன்று வாரம் பழகியும் காசு விழுந்துகொண்டே இருந்தால், காசு உட்காரும் இடம் உங்கள் கைக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு கையும் ஒரு மாதிரி. வித்தை தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் கையைத் தன் கையில் பிடித்துப் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயம் இது. யூடியூப் உங்கள் கையைத் தொட்டுப் பார்க்காது.

## அறிகுறி: மேலே எறிந்த பந்து மறையவில்லை

எலுமிச்சம்பழத்தை இரண்டு தடவை நிஜமாக மேலே எறிந்து பிடிக்கிறீர்கள். மூன்றாம் தடவை எறிவதுபோல் கை போகிறது, பழம் கையிலேயே நிற்கிறது. சரியாகச் செய்தால் பழம் மேலே போய் நடுவானில் கரைந்ததைப் பார்த்ததாகவே சொல்வார்கள். சரியில்லாவிட்டால் "எறியவே இல்லையே" என்பார்கள்.

காரணம் அநேகமாக ஒன்றுதான். கை மேலே போகிறது, கண் போகவில்லை.

இதை ஆராய்ச்சிக்காரர்களே எடுத்து அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர் 1900இல் வெளியிட்ட கட்டுரையில், பள்ளிப் பிள்ளைகள் முன்னால் இதைச் செய்து பார்த்ததில் ஏறக்குறைய பாதிப்பேர் இல்லாத பந்து மேலே போனதைக் கண்டதாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறார். 2006இல் இங்கிலாந்தில் குஸ்டாவ் கூனும் மைக்கேல் லேண்டும் அதையே வீடியோவாக எடுத்துக் காட்டினார்கள். வித்தைக்காரர் இல்லாத பந்தைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்தபோது 68 சதவீதம் பேர் பந்து போனதைக் "கண்டார்கள்". அதே கை அசைவு, ஆனால் பார்வை கையிலேயே நின்றபோது 32 சதவீதம்தான். கையில் ஒரு மாற்றமும் இல்லை, கண்ணை மட்டும் மாற்றியதில் பாதிக்குப் பாதி போய்விட்டது.

அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பார்த்தவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பந்து மேலே போனதாகச் சொன்னவர்களின் கண் அந்த உயரத்துக்குப் போகவே இல்லை. வித்தைக்காரரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் ஏமாறவில்லை, கண்டதாக நினைத்தவர் ஏமாந்தார். உங்கள் முகம்தான் மேடை, பழம் வெறும் துணைப்பாத்திரம்.

சோதிக்க ஃபோன்கூட வேண்டாம். தெருவில் பிரம்புப் பந்தை வைத்துச் சின்லோன் ஆடுகிறவர்களைப் போய்ப் பாருங்கள். பந்து உயரும்போது வட்டத்தில் நிற்கிறவர்களின் கழுத்து எப்படி எழும்புகிறது, வாய் எப்படித் திறக்கிறது என்று கவனித்துவிட்டு வந்து, பழம் இல்லாமல் அதையே செய்யுங்கள்.

கண் சரியாக இருந்தும் நடக்கவில்லையா? முதல் இரண்டு எறிவும் வேறு வேறு உயரம் போயிருக்கும். ஒரே உயரத்துக்கு எறியுங்கள். அதற்கும் சரிப்படாவிட்டால் மூன்றாவதில் கை திடுக்கென்று நின்றிருக்கும். நிஜ எறிவில் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கவேண்டும். இந்தப் பழுதுக்கு ஆள் தேடவேண்டிய கட்டமே கிடையாது.

## அறிகுறி: பொருளைப் பதுக்கும்போது கை கையும் களவுமாகப் பிடிபடுகிறது

வெளிநாட்டு வித்தைப் பாடங்களில் எதற்கெடுத்தாலும் கோட்டுப் பை, பேண்ட் பை. லுங்கிக்கு ஏது பை? டைக்பொன் என்கிற பர்மிய மேல்சட்டை போட்டால் பை உண்டு, ஆனால் அதற்குள் கை போவதை ஊரே பார்க்கும்.

### கை நேர்க்கோட்டில் போகிறது

காட்டவேண்டிய கையை வளைவாகக் கொண்டுபோங்கள். மேடையிலேயே ஆட்களின் பாக்கெட்டைக் காலி செய்து காட்டும் அமெரிக்கக் கலைஞர் அப்பல்லோ ராபின்ஸ் இதை அனுபவத்தில் சொல்லிவந்தார். கண் ஆராய்ச்சிக்காரர்கள் அவரோடு சேர்ந்து சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். வளைவாகப் போகும் கையின் கூடவே கண் ஓடுகிறது. நேராகப் போகும் கைக்குக் கண் ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. கூடவே ஓடுகிற கண்தான் உங்களுக்கு வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அது பின்னால் திரும்பாது.

### அதே நொடியில் அவிழ்க்கிறீர்கள்

லுங்கி கட்டியவனுக்குப் பையைவிடப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது: முடிச்சு. நாள் முழுக்க நாம் அதை அவிழ்த்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், பேசிக்கொண்டே. ஒருவர் முடிச்சை அவிழ்த்து இரு பக்கமும் விரித்தால் எதிரே இருப்பவர் மரியாதைக்காகக் கண்ணை எடுத்துவிடுவார். உலகத்தில் எந்த மேஜிக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத சாதனம் இது. பெரிய அசைவுக்குள் சின்ன அசைவு ஒளிந்துகொள்ளும்: காசு இடுப்புச் சுருளுக்குள் போய்விடும்.

பையன்கள் கெடுப்பது எங்கே என்றால், காசு மறையவேண்டிய அதே நொடியில் முடிச்சில் கை வைக்கிறார்கள். வித்தை தொடங்கும் முன்னால் ஒரு தடவை, ஒன்றும் ஒளிக்காமல், அவிழ்த்துக் கட்டுங்கள். நடுவில் பேசும்போது இன்னொரு தடவை. மூன்றாவது தடவைதான் வேலை. அதற்குள் அது ஃபேன் சத்தம் மாதிரி ஆகியிருக்கும், காதில் விழும், கேட்காது.

### முடிச்சு தளர்வு

ஒரு கல்யாண வரவேற்பில் என் வெள்ளி ரூபாய் சுருளிலிருந்து நழுவி, மொசைக் தரையில் ணங்கென்று விழுந்து உருண்டு, மாப்பிள்ளையின் அப்பா நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. அந்த மனிதர் முகத்தில் ஒரு சலனம் இல்லாமல் செருப்பால் அதை மிதித்து மறைத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பந்தியில் என் கையில் திணித்து, "தம்பி, முடிச்ச இறுக்கிப் போடு" என்றார், அவ்வளவுதான். அந்த அரங்கில் அன்றைக்குச் சிறந்த வித்தைக்காரர் அவர்.

அதற்குப் பிறகு தையல்காரரிடம் கொடுத்து லுங்கி இடுப்பின் உட்பக்கம் மூன்று விரல் அகலத்தில் ஒரு பை தைத்துக்கொண்டேன். செலவு சொல்லும்படி இல்லை. புடவை கட்டி மேடையேறும் பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. முந்தானையைச் சரிசெய்வது நம் முடிச்சைவிட இயல்பான அசைவு.

## அறிகுறி: பிடிபடவில்லை, கைதட்டும் இல்லை

வித்தை கச்சிதமாக முடிந்தது. கூட்டம் "அப்புறம்?" என்று பார்க்கிறது. பிடிபடுவதைவிட இது வலிக்கும்.

அவர்கள் முதலில் இருந்ததைப் பார்க்கவே இல்லை. இருந்தது தெரியாதவனுக்கு மறைந்தது எப்படித் தெரியும்? 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் ஒரு வீடியோவைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை தடவை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேஷம் போட்ட ஆள் நடந்துபோய், நெஞ்சில் குத்திக்கொண்டு வெளியேறுகிறார். எண்ணியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைக் காணவே இல்லை. இதைப் படித்துவிட்டுப் பையன்கள் சந்தோஷப்படுவார்கள், ரகசியத்தை ஒளிப்பது எவ்வளவு சுலபம் என்று. அந்தக் குருட்டுத்தனம் ஒருபக்கச் சார்புடையது இல்லை தம்பி. நீ காட்ட நினைத்ததையும் அதுதான் விழுங்கும்.

மேஜையில் நாலு கைக்குட்டை, சீட்டுக்கட்டு, மெழுகுவர்த்தி, பூ என்று பரப்பியிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை வையுங்கள். அதன் பெயரையும் நிறத்தையும் எண்ணிக்கையையும் வாயால் சொல்லுங்கள். தெருவில் செப்படி வித்தை காட்டுகிறவரைப் பாருங்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று குச்சியால் ஒவ்வொரு செப்பின் தலையிலும் தட்டுவார், ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தூக்கிப் பார்க்கச் சொல்வார், "இருக்கா? சத்தமா சொல்லு" என்பார். வெறும் அலட்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் டார்ச்சை ஒரே இடத்தில் ஆணி அடிக்கிற வேலை அது.

பண நோட்டோடு செய்கிற வித்தைக்கு இன்னொரு எச்சரிக்கை. நம் ஊரில் டாலர் நோட்டைக் கையில் மடித்தாலே பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும், மடிப்பு விழுந்த டாலரைக் கடையில் வாங்கமாட்டார்கள் என்று. வித்தையை யார் பார்ப்பார்? ஆயிரம் கியாட் நோட்டு போதும்.

## அறிகுறி: கறுப்புத் துணி வித்தையில் ஒளித்தது தெரிகிறது

கறுப்பு வெல்வெட் திரைக்கு முன்னால் கறுப்பு உடையில் ஆள் நின்று பொருள்களை மிதக்கவிடும் வித்தை. 1880களில் பெர்லினில் மாக்ஸ் ஆட்சிங்கர் தொடங்கிவைத்தது. கறுப்பின் மேல் கறுப்பைப் பிரித்துப் பார்க்கக் கண்ணுக்கு ஒரு விளிம்பு வேண்டும். விளிம்பு கிடைத்தால் பிடிபட்டது.

தனாக்கா, இங்கே கன்னத்தில் பூசிக்கொள்ளும் மரப்பட்டைச் சாந்து. சிரிக்கவேண்டாம். திரைக்குப் பின்னால் நின்ற பெண் பிள்ளை கன்னத்தைத் துடைத்த கையால் துணியைத் தொட்டிருப்பாள். ஐந்து விரல் தடமும் மஞ்சள் வெள்ளையாக எழும்பி நிற்கும். முதலில் அதைப் பாருங்கள், பஞ்சுத்தூசியையும் சேர்த்து. ஒட்டும் டேப்பைக் கையில் சுற்றித் துணியை ஒத்தி எடுத்தால் போதும்.

விளக்கு இருக்கும் இடம். விளக்கு திரையைப் பார்க்கக்கூடாது. மேடை ஓரத்தில் வரிசையாக, கூட்டத்தின் கண்ணைப் பார்த்தபடி, கூசாத அளவில் இருக்கவேண்டும். வெளிச்சம் கண்ணில் படும்போது அதற்குப் பின்னால் உள்ள இருட்டைக் கண் துழாவ முடியாது. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது யாராவது நல்ல மனசோடு மேடைக்குள் சார்ஜ் லைட்டை நீட்டுவார். அவரை முன்கூட்டியே பேசி நிறுத்திவையுங்கள்.

துணி. மலிவான சாட்டின் பளபளக்கும். சாதாரணப் பருத்தித் துணி, கறுப்பாகச் சாயம் ஏற்றினாலும், விளக்கில் பழுப்படிக்கலாம். தெய்ஞ்சி சந்தையில் வெல்வெட் கிடைக்கும். கடைக்காரரிடம் துணியை வாங்கி, ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லை, ஃபோனில் தெரிகிறது. இது புது நோய். இரவுப் படத்துக்கென்று ஃபோன் பல படங்களின் வெளிச்சத்தைச் சேர்த்துக் கறுப்பை மேலே தூக்கிவிடுகிறது. உங்கள் ஆள் கையும் காலுமாகத் திரையில் நிற்பார். மறுநாள் பேஸ்புக்கில் ஊருக்கே தெரியும். உங்கள் ஃபோனிலேயே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தெரிந்தால் மேடை ஓர விளக்கைக் கூட்டுங்கள். ஃபோன் தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், கறுப்பு மறுபடி கறுப்பாகும். அப்படியும் தெரிந்தால் அந்த வித்தையை ஃபோன் நீட்டாத இடத்தில்தான் செய்யவேண்டும். வேறு மருந்து என்னிடம் இல்லை.

நூல் கட்டித் தூக்கும் வித்தைக்கும் இதே வரிசைதான், ஒரே ஒரு மாற்றம்: பின்னணி வெறுமையாக இருக்கவேண்டாம், பூப்போட்ட துணி நல்லது. நூல் அதில் தொலைந்துபோகும். மேலே சுற்றும் ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். நூலை யாராவது பார்த்துவிட்டால் உலகமே முடிந்தது என்று பயப்படுகிற பிள்ளைகளை நான் பர்மியப் பொம்மலாட்டத்துக்குக் கூட்டிப்போவேன். சிவப்பு உடை போட்ட அந்தச் சித்தர் பொம்மைக்கு எத்தனை கயிறு! ஒன்றையும் யாரும் ஒளிக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து "கயிறு தெரியுதா?" என்று கேட்டால்தான் அவர்களுக்கு ஞாபகமே வரும்.

எப்போது எலெக்ட்ரீஷியன்: மேடை விளக்கு வயரைத் தரையில் இழுத்து, ஜெனரேட்டரிலிருந்து எடுப்பதாக இருந்தால் உடனே. மழைக்காலத்தில் ஈரமான மேடையில் நீங்களாக ஒரு பிளக்கையும் தொடாதீர்கள். இதை ரிப்பேர்க்காரனாகச் சொல்கிறேன்.

## அறிகுறி: கண்ணாடிப் பெட்டியில் கோடு தெரிகிறது

பெட்டி காலியாகத் தெரியும், ஆனால் சாய்வாக வைத்த கண்ணாடிக்குப் பின்னால் புறா இருக்கும். பக்கச் சுவரின் பிம்பத்தைப் பின்சுவர் என்று கண் எடுத்துக்கொள்வதால் நடப்பது இது.

விரல் ரேகையா என்று பாருங்கள், துடையுங்கள். முன்வரிசைப் பிள்ளைகளின் முகமே கண்ணாடியில் விழுகிறதா என்று அவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். விழுந்தால் பெட்டியை உயர்த்துங்கள் அல்லது அவர்கள் உட்காரும் பாயைப் பின்னால் தள்ளுங்கள். உட்சுவர்த் தாளில் கோடுகள் இருந்தால் பக்கச் சுவரும் பின்சுவரும் ஒரே மாதிரி ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தும் நடுவில் கோடு நின்றால் கண்ணாடியின் வெட்டுவிளிம்பு சரியில்லை. நீங்களாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம், கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுங்கள். பிஞ்சு விரல்கள் புழங்கும் பெட்டி.

மறுபக்கம் தெரிகிற ஆளுயரக் கண்ணாடியை மேடையில் சாய்த்து ஆவியைக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் பெப்பர் என்பவர் 1862இல் காட்டிப் புகழ்பெற்ற வித்தைதான், அழகுதான். நம் கல்யாண மேடைப் பலகைக்கு அந்தக் கனம் தாங்காது.

## அறிகுறி: முதல் தடவை நன்றாக நடந்தது, "இன்னொரு தடவை" செய்தபோது பிடிபட்டது

பழுது இல்லை. செய்திருக்கக்கூடாது. கூனும் பெஞ்சமின் டாட்லரும் 2005இல் ஒரு சிகரெட் மறையும் வித்தையை இரண்டு தடவை காட்டிப் பார்த்தார்கள். முதல் தடவை பெரும்பாலோருக்கு அது கையிலிருந்து விழுவது தெரியவில்லை, கண்ணெதிரே விழுந்தும். இரண்டாம் தடவை தெரிந்துவிட்டது. மாமா, சித்தப்பா, பெரியம்மா யார் கெஞ்சினாலும் சிரித்துக்கொண்டே வேறு வித்தைக்குப் போங்கள். வேறு வித்தை தெரியாது என்றால் "டீ வந்துடுச்சு" என்று சொல்லுங்கள், நான் அப்படித்தான் தப்பிக்கிறேன்.

மேலே சொன்ன எதிலும் சேராத பழுதாக இருந்தால் வீடியோவோடு கடைக்கு வாருங்கள். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து வாருங்கள், கரண்ட் இருந்தால் ஃபேன் வேலை இருக்கும். வெள்ளி ரூபாய் நானே தருகிறேன். போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.